ரப்பர் மூட்டின் சுழிப்பிழை

மேடு பள்ளமான சாலையில் ஒரு பழைய கார் போகும்போது, அதன் பின்பக்கத்திலிருந்து 'டொக், டொக்' என்று ஓர் ஓசை எழுவதை நீங்கள் கேட்டிருக்கலாம். வேகத்தடையின் மேல் ஏறி இறங்கும்போது அது இன்னும் பலமாகக் கேட்கும். 'வண்டிக்கு வயதாகிவிட்டது' என்று சொல்லிவிட்டு நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். உண்மையில் வயதாகிப் போனது வண்டிக்கு அல்ல. உள்ளங்கையில் அடங்கிவிடும் சில ரப்பர் வளையங்களுக்குத்தான். இவற்றைப் பட்டறைக்காரர்கள் 'புஷ்' என்பார்கள்.

என் வீட்டில் 1986-ஆம் ஆண்டு என் தந்தையார் வாங்கிய அம்பாசடர் கார் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை மாதிரியாகக் கொண்டு, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1950-களின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கியது அம்பாசடர். 2014-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. உற்பத்தி நின்றாலும் சாலையில் ஓடும் வண்டிகள் நின்றுவிடவில்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் பலர், சிறு பழுதுகளைத் தாங்களே வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள். நானும் அப்படி ஒரு விடுமுறையில் என் காரின் பின் வில்களுக்குரிய புஷ்களை மாற்றினேன். மாற்றியதில் ஒரு பிழையும் செய்தேன். ஆண்டுதோறும் மாணவர்களுக்கு முறுக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் நான் செய்யக்கூடாத பிழை அது. அந்த வேலையையும் அந்தப் பிழையையும் அவற்றுக்குப் பின்னாலுள்ள இயற்பியலையும் உங்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வில்லும் மூட்டும்

அம்பாசடர் காரின் பின்புறத்தைக் குனிந்து பாருங்கள். இரு சக்கரங்களையும் இணைக்கும் பருமனான பின் அச்சு குறுக்கே செல்வது தெரியும். அதன் இரு புறங்களிலும், பல எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங் இருக்கிறது. மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இந்தப் பட்டை வில் புதிதல்ல. குதிரை வண்டியின் சொகுசுக்கு இதுவே காரணம்.

இந்த வில்லின் நடுப்பகுதி அச்சோடு 'யு' வடிவப் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. வில்லின் முன் நுனி வளைத்துச் சுருட்டப்பட்டு ஒரு 'கண்' ஆக்கப்பட்டிருக்கும். அந்தக் கண்ணுக்குள் ஒரு போல்ட் நுழைந்து, வில்லை உடற்சட்டத்தோடு இணைக்கிறது. பின் நுனியிலும் இத்தகைய கண் உண்டு. ஆனால் அது நேராக உடற்சட்டத்தோடு இணைக்கப்படுவதில்லை. ஏன்? வளைந்த வில்லின் மேல் பாரம் ஏறும்போது வில் நிமிர்கிறது. நிமிரும்போது அதன் இரு நுனிகளுக்கும் இடையே உள்ள தொலைவு கூடுகிறது. இரு நுனிகளையும் அசையாமல் கட்டிவிட்டால் வில் நிமிரவே முடியாது. ஆகவே பின் நுனியை 'ஷாக்கிள்' என்னும் ஊசலாடும் இணைப்பின் வழியே தொங்கவிடுகிறார்கள். வில் நீளும்போது ஷாக்கிள் பின்னோக்கி ஆடி இடம் கொடுக்கிறது.

எனவே சக்கரம் ஒவ்வொரு முறை மேலும் கீழும் போகும்போதும், முன் கண்ணிலும் ஷாக்கிளின் இரு முனைகளிலும் ஒரு சிறு சுழற்சி நடந்தாக வேண்டும். நம் முழங்காலைப் போன்ற மூட்டுகள் இவை. முற்காலத்து வண்டிகளில் இத்தகைய மூட்டுகளில் வெண்கலப் புஷ்களை இட்டு, வாரந்தோறும் கிரீஸ் அடிப்பார்கள். கிரீஸ் வற்றினால் உலோகமும் உலோகமும் உராயும். மண்ணும் நீரும் புகுந்தால் தேய்மானம் இன்னும் விரைவாகும். இந்தத் தொல்லைக்கு மாற்றாக வந்ததே ரப்பர் புஷ். இதில் எண்ணெய் இல்லை, கிரீஸ் இல்லை. அதைவிட வியப்பு, இதில் எந்தப் பரப்பும் எந்தப் பரப்பின் மேலும் வழுக்குவதே இல்லை. அப்படியானால் மூட்டு எப்படிச் சுழல்கிறது? ரப்பரே முறுங்கிக் கொடுக்கிறது!

என் காரின் முன் கண்ணிலிருந்த புஷ், ஒன்றுக்குள் ஒன்றான இரு எஃகுக் குழாய்களைக் கொண்டது. அவற்றுக்கு இடையே ரப்பர் உலோகத்தோடு சேர்த்தே வல்கனைஸ் செய்து ஒட்டப்பட்டிருக்கிறது. 'சைலன்ட் பிளாக்' என்று பட்டறைகளில் வழங்கும் பெயர், முதலில் இவ்வகைப் புஷ்ஷின் வணிகப் பெயராக இருந்ததுதான். ஷாக்கிளில் இருந்தவை எளிமையானவை: தலை விரிந்த தொப்பி போன்ற இரண்டு ரப்பர்ப் பாதிகள் இரு புறமிருந்தும் கண்ணுக்குள் செருகப்பட்டு, நடுவே கம்பி நுழைந்து, நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். இறுக்கும்போது ரப்பர் நீளவாட்டில் நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கி, கம்பியையும் கண்ணையும் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது.

ரப்பரின் இரு முகங்கள்

இந்த வேலைக்கு ஏன் ரப்பர்? இதற்கு விடை காண அதன் மூலக்கூறுகளுக்குள் நுழைய வேண்டும். ரப்பர் என்பது மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் குவியல். இடைவேளையில் மைதானத்தில் ஓடியாடும் பிள்ளைகள் ஐம்பது பேர் கைகோத்துக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அந்தச் சங்கிலி ஒரு போதும் நேர்கோடாக நிற்காது. வளைந்து நெளிந்துதான் கிடக்கும். இரு முனைகளையும் பிடித்து இழுத்தால் நேராகும். விட்டால் பிள்ளைகளின் துள்ளலே அதை மீண்டும் சுருட்டிவிடும். ரப்பரின் மீள்சக்தி இத்தகையது. வெப்ப இயக்கத்தால் துள்ளும் சங்கிலிகள் ஒழுங்கற்ற நிலைக்குத் திரும்பத் துடிப்பதே அதன் மீட்சிக்குக் காரணம்.

ஆனால் சங்கிலிகள் ஒன்றையொன்று வழுக்கிச் சென்றுவிட்டால் ரப்பர் பிசின்போல் ஒழுகிவிடும். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்த வழி இதைத் தடுத்தது. ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால், கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே அங்கங்கே பாலம் போடுகின்றன. இதுவே வல்கனைஸ் செய்தல். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் என்பவரும் இம்முறைக்கு 1844-இல் காப்புரிமை பெற்றார்.

இப்படிச் செய்த ரப்பருக்கு இரண்டு முகங்கள் உண்டு. வடிவத்தை மாற்ற முயன்றால் அது மிக மென்மையானது; அதன் விறைப்புக் குணகம் ஒரு சதுர மி.மீட்டருக்குச் சுமார் 1 நியூட்டன்தான். ஆனால் கன அளவைக் குறைக்க முயன்றால் அது மிகக் கடினமானது. அதன் பருமக் குணகம் சதுர மி.மீட்டருக்குச் சுமார் 2,000 நியூட்டன். ஒரே பொருளில் இரண்டாயிரம் மடங்கு வேறுபாடு! ரப்பரை நசுக்கினால் அது சுருங்குவதில்லை. வேறு பக்கம் பிதுங்குகிறது. பிதுங்க இடமில்லாமல் அடைத்துவிட்டால் கல்லைப்போல் நின்றுவிடுகிறது.

புஷ் செய்பவர்கள் இந்த இரு முகங்களையும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். இரு குழாய்களுக்கு இடையே மெல்லிய வளையமாக அடைபட்ட ரப்பர், மேலிருந்து வரும் பாரத்துக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. ஏனெனில் அது பிதுங்குவதற்கு இரு முனைகளிலும் சிறிதளவே இடமுண்டு. ஆனால் உள்குழாயை முறுக்கினால் கன அளவு மாறுவதில்லை, வடிவம் மட்டுமே மாறுகிறது. ஆகவே ரப்பர் எளிதில் இடம் கொடுக்கிறது. பாரத்துக்குக் கடினம், சுழற்சிக்கு மென்மை: ஒரு மூட்டுக்கு வேண்டிய இலக்கணம் இதுதானே!

இன்னொரு நன்மையும் உண்டு. ரப்பரை இழுத்து விடும்போது நாம் கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. காந்தவியலில் நீங்கள் படிக்கும் தயக்கத்தைப் போன்றதே இது. இதனால் சாலையிலிருந்து எழும் அதிர்வுகளின் ஒரு பகுதி உங்கள் இருக்கையை அடையுமுன் ரப்பரிலேயே அடங்கிவிடுகிறது.

நோயை அறிதல்

ரப்பருக்கும் எதிரிகள் உண்டு. முதல் எதிரி ஓசோன். வாகனப் புகையின் மீது சூரிய ஒளி படுவதால் தரையருகே சிறிதளவு ஓசோன் உண்டாகிறது. அது ரப்பர்ச் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி அறுக்கிறது. குறிப்பாக, இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரில்தான் வெடிப்புகள் தோன்றும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். இரண்டாம் எதிரி எண்ணெய். எஞ்சின் ஆயிலும் கிரீஸும் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி, வலுவிழந்துவிடும். மூன்றாவது, ஓயாத முறுக்கலால் வரும் அயர்வு.

புஷ் கெட்டுவிட்டதா என்று அறிய மூன்று வழிகள் உள்ளன. முதலாவது காது: வேகத்தடையில் உலோகம் உலோகத்தில் மோதும் ஓசை. இரண்டாவது கை: வளைவில் திரும்பும்போது வண்டியின் வால் தனியே ஆடுவது போன்ற உணர்வு. மூன்றாவது கண்: கண்ணைச் சுற்றித் துருத் தூளோ, கிழிந்து பிதுங்கிய ரப்பரோ தெரிவது. ஐயமிருந்தால் வண்டி தரையில் நிற்கும்போது ஷாக்கிளுக்கும் உடற்சட்டத்துக்கும் இடையே ஒரு சிறு கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்பிப் பாருங்கள். நல்ல புஷ் சிறிது அசைந்து உடனே திரும்பும். கெட்டது 'டக்' என்று ஒரேயடியாக நகரும்.

முன் சக்கரங்களுக்கும் இத்தகைய புஷ்கள் உண்டு. ஆனால் அவற்றை வீட்டில் தொட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அம்பாசடரின் முன்புறத்தில் பட்டை வில் இல்லை. நீண்ட எஃகுத் தண்டு ஒன்றை முறுக்கியே வில்லாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு முன் சக்கரத்தின் மேல் 300 கிலோகிராம் பாரம் இருப்பதாகவும், அந்தப் பாரத்தில் முறுக்குத் தண்டு 15 செ.மீ. இடம் கொடுப்பதாகவும் கொள்வோம். தண்டில் சேர்ந்துள்ள ஆற்றல் ½ × 3,000 நியூட்டன் × 0.15 மீட்டர், அதாவது 225 ஜூல். 23 கிலோகிராம் கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல் இது. உரிய கருவிகள் இல்லாமல் இதை விடுவிப்பது ஆபத்து.

முதலில் பாதுகாப்பு

பின்புற வேலையிலும் கவனம் வேண்டும். காருக்கு அடியில் போகும் முன் நான் கீழ்க்காணும் விதிகளைக் கடைப்பிடிக்கிறேன்.

வண்டி சமமான, கெட்டியான தரையில் நிற்க வேண்டும். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கைப் பிரேக்கையும் கியரையும் நம்பாதீர்கள். இந்தக் காரில் இரண்டுமே பின் சக்கரங்களைத்தான் பிடிக்கின்றன. அந்தச் சக்கரங்களோ அந்தரத்தில் இருக்கப்போகின்றன.

ஜாக்கி என்பது தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அன்று. தூக்கியபின் உடற்சட்டத்தின் வலுவான இடத்தில், வில்லின் முன் இணைப்புக்குச் சற்று முன்னால், இரு புறமும் எஃகு ஸ்டாண்டுகளை வைத்துப் பாரத்தை அவற்றின் மேல் இறக்குங்கள். செங்கல்லும் உட்புழையுள்ள சிமென்ட் கல்லும் கூடவே கூடாது. எஃகு உடையும் முன் வளைந்து எச்சரிக்கை கொடுக்கும். சிமென்ட் கல் நொறுங்கும் பொருள். எச்சரிக்கையே கொடுக்காமல் ஒரு நொடியில் பொடியாகிவிடும். கழற்றிய சக்கரங்களை உடற்சட்டத்துக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள். ஸ்டாண்டு தவறினாலும் அவை தாங்கும். வீட்டில் வேறு ஒருவர் இல்லாதபோது காருக்கு அடியில் போகாதீர்கள். மாணவர்கள் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டே இதில் இறங்க வேண்டும்.

கழற்றுதல்

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யுங்கள். மறுபக்கத்து வில் அச்சை இடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும். நட்டுகளுக்கு முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுவது நல்லது. பின் அச்சுக்கு அடியில் ஜாக்கியை வைத்து, வில் மேலும் இழுக்காமல் கீழும் தொங்காமல் இருக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் போல்ட்டின் மேல் பாரம் இராது. தட்டினால் எளிதில் வெளிவரும். பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாக்கிள் புஷ்களை மாற்றுவது எளிது. நட்டைக் கழற்றி, வெளித்தகட்டை நீக்கி, கம்பியை உருவினால் பழைய ரப்பர்ப் பாதிகளை விரலால் பிடுங்கிவிடலாம்.

முன் கண்ணின் புஷ் அப்படி வராது. அதன் வெளிக்குழாய், கண்ணின் துளையைவிடச் சற்றே பெரிதாகச் செய்து, அழுத்திச் செருகப்பட்டது. இங்கே திருகின் இயற்பியல் நமக்கு உதவுகிறது. 12 மி.மீ. நீண்ட போல்ட் ஒன்று, புஷ்ஷைவிடப் பெரிய விட்டமுள்ள குழாய்த் துண்டு ஒன்று, சில தடித்த வாஷர்கள்: இவை போதும். குழாயைக் கண்ணின் ஒரு புறம் வைத்து, மறுபுறம் புஷ்ஷின் விளிம்பளவுள்ள வாஷரை வைத்து, நடுவே போல்ட்டைச் செலுத்தி நட்டைத் திருகினால் புஷ் குழாய்க்குள் இழுபட்டு வரும். ஸ்பேனரின் நீளம் 25 செ.மீ. என்றால், ஒரு சுற்றுக்கு உங்கள் கை செல்லும் தூரம் ஏறத்தாழ 1,570 மி.மீ. அதே சுற்றில் நட் நகர்வது 1.75 மி.மீ. மட்டுமே. ஆகவே எந்திர லாபம் கணக்குப்படி சுமார் 900. உராய்வு இதில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிவிட்டாலும் 90 மடங்கு மிஞ்சும். 10 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் ஸ்பேனரை இழுத்தால், புஷ்ஷின் மேல் 900 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை கிடைக்கிறது!

அதற்கும் அசையாவிட்டால் ரப்பரைக் குடைந்து உள்குழாயை நீக்கிவிட்டு, ஆக்சா பிளேடால் வெளிக்குழாயின் உட்புறத்தில் நீளவாட்டில் ஒரு கோடு அறுங்கள். குழாய் தன் வட்டத்தை மூடிக்கொண்டு, கண்ணின் சுவரை வெளிநோக்கி அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு வெட்டு விழுந்ததும் அந்த அழுத்தம் விடுபட்டுக் குழாய் சுருங்கி வந்துவிடும். கண்ணையே அறுத்துவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிலர் நெருப்பு வைத்து ரப்பரை எரிப்பார்கள். அருகில் பெட்ரோல் டாங்க் இருக்கிறது. ரப்பர்ப் புகை நஞ்சு. மேலும் அந்தச் சூட்டில் வில்லின் எஃகு தன் பதத்தை இழந்துவிடும். அதைச் செய்யாதீர்கள்.

கண்ணின் உட்புறத்தை உப்புத்தாளால் சுத்தம் செய்து, சோப்பு நீர் தடவி, அதே போல்ட்டையும் குழாயையும் கொண்டு புதிய புஷ்ஷை உள்ளே இழுக்கலாம். இழுக்கும் விசை வெளிக்குழாயின் விளிம்பில் மட்டுமே விழ வேண்டும். உள்குழாயை அழுத்தினால் ஒட்டிய ரப்பர் பிரிந்துவிடும். கிரீஸ் தடவக் கூடாது என்பதற்குக் காரணம் முன்பே சொன்னேன். புஷ்களை இரு புறமும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் ஒரு விதமாகவும் மறுபக்கம் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும்.

நான் செய்த பிழை

இதுவரை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். வண்டி ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. சக்கரங்கள் இல்லை. கை வைக்க வசதியாக இருக்கிறது. அந்த வசதியிலேயே எல்லா நட்டுகளையும் முழுப் பலத்தோடு இறுக்கிவிட்டேன். வண்டியை இறக்கி ஓட்டிப் பார்த்தேன். ஓசை இல்லை. என் தந்தையாருக்கு மிக்க மகிழ்ச்சி. 'பட்டறைக்குப் போகாமலே சரிபண்ணிட்டானே' என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார்.

நான்கு மாதங்கள் கழித்து மீண்டும் 'டொக்' என்றது. குனிந்து பார்த்தேன்: புத்தம் புதிய புஷ்கள் கிழிந்திருந்தன. போலிச் சரக்கு என்று கடைக்காரரைக் குறைகூறும் எண்ணத்தோடு, எங்கள் ஊர்ப் பட்டறையிலுள்ள பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சார், நட்டை எப்ப முறுக்கினீங்க? வண்டி தொங்கிக்கிட்டு இருந்தப்பவா, தரையில நின்னப்பவா?"

"தொங்கும்போதுதான்."

"அப்ப ரப்பர் மேல தப்பு இல்லே. தொங்கவிட்டு முறுக்கினா, வண்டி தரையில நின்னாலே ரப்பர் முறுக்கிக்கிட்டுத்தானே நிக்கும்? பாரத்தோட நிக்க வெச்சுத்தான் கடைசி முறுக்கு முறுக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. திருகு அளவியால் கம்பியின் விட்டத்தை அளக்கும் மாணவனிடம், 'முதலில் சுழிப்பிழை இருக்கிறதா என்று பார்' என்று நூறு முறை சொல்லியிருப்பேன். நானோ என் காரின் மூட்டுகளுக்கே சுழிப்பிழையை உண்டாக்கி வைத்திருந்தேன்!

கணக்கு சொல்வது என்ன?

பெரியவர் சொன்னதை இயற்பியல் மொழியில் பார்ப்போம். நட்டை இறுக்கும் வரை புஷ்ஷின் உள்குழாய் சுதந்திரமாகச் சுழலும். இறுக்கியதும் அது உடற்சட்டத்தோடு ஒன்றாகிவிடுகிறது. வெளிக்குழாயோ வில்லோடு ஒன்றானது. ஆகவே இறுக்கிய அந்தக் கணத்தில் வில் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதுவே ரப்பரின் சுழிப்புள்ளி. அந்தக் கோணத்திலிருந்து விலகும்போதெல்லாம் ரப்பர் முறுங்கும்.

தொங்கும் நிலைக்கும் தரையில் நிற்கும் நிலைக்கும் இடையே வில்லின் கண் எவ்வளவு சுழல்கிறது? சாக்பீஸால் கோடிட்டுப் பாகைமானியால் அளந்தேன்: 18 பாகை. பாரம் ஏறும்போது வில்லின் கோணம் நுனியில்தான் மிக அதிகமாக மாறுகிறது என்பதால் இவ்வளவு பெரிய கோணம். சாலையில் ஓடும்போது இதற்கு மேலும் கீழும் 8 பாகை ஆடுவதாகக் கொள்வோம்.

இப்போது ரப்பரைப் பல மெல்லிய உருளை அடுக்குகளாகக் கற்பனை செய்யுங்கள். எல்லா அடுக்குகளின் வழியாகவும் ஒரே திருப்புத்திறன்தான் செல்கிறது. ஆரம் குறையக் குறைய அடுக்கின் பரப்பும் குறைகிறது, விசையின் கையும் குறைகிறது. ஆகவே சறுக்குத் தகைவு ஆரத்தின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் கூடுகிறது. ரப்பரின் உள் ஆரம் 8 மி.மீ., வெளி ஆரம் 16 மி.மீ. என்றால், வெளிப்புறத்தைவிட உட்புறத்தில் தகைவு நான்கு மடங்கு. கிழிந்த என் புஷ்களில் கிழிசல் உள்குழாயை ஒட்டியே ஓடியிருந்ததற்கு இதுவே காரணம்.

உட்புறத்தில் உண்டாகும் சறுக்குத் திரிபைக் காண எளிய சூத்திரம் உண்டு. சுழலும் கோணத்தை ரேடியனில் எழுதி, இரண்டால் பெருக்கி, (1 − உள் ஆரத்தின் இருமடி ÷ வெளி ஆரத்தின் இருமடி) என்பதால் வகுக்க வேண்டும். நம் புஷ்ஷில் வகுக்கும் எண் 1 − ¼, அதாவது 0.75.

சரியாகப் பொருத்திய புஷ்: தரையில் நிற்கும்போது திரிபு சுழி. சாலையில் 8 பாகை, அதாவது 0.14 ரேடியன் ஆடும்போது திரிபு 0.37. அதாவது 37 சதவீதம்.

நான் பொருத்திய புஷ்: வண்டி வீட்டில் சும்மா நிற்கும்போதே 18 பாகை, அதாவது 0.314 ரேடியன். திரிபு 84 சதவீதம்! சாலையில் மேட்டில் ஏறும்போது 18 + 8 = 26 பாகை; திரிபு 121 சதவீதம். சரியான புஷ்ஷுக்கு வரும் உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

இரவு பகலாக இழுபட்டே கிடக்கும் ரப்பரை ஓசோன் என்ன செய்யும் என்பதை முன்பே சொன்னேன். என் புஷ்கள் நான்கு மாதம் தாங்கியதே பெரிது. கடைக்காரரிடம் நான் எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

ஷாக்கிளின் ரப்பர்ப் பாதிகளுக்கும் இதே விதிதான். அவற்றில் ஒட்டு இல்லை. பிடிப்பு உராய்வால் வருவது. ஆயினும் இறுக்கிய கணமே அங்கும் சுழிப்புள்ளி.

சரியான முறை

இரண்டாம் முறை நான் செய்தது இது. எல்லா நட்டுகளையும் போல்ட் வெளிவராத அளவுக்கு மட்டும் கையால் திருகி வைத்தேன். பிறகு ஸ்டாண்டுகளை உடற்சட்டத்தின் அடியிலிருந்து எடுத்து, பின் அச்சுக்கு அடியில், சக்கரங்களுக்கு அருகில் வைத்தேன். இப்போது என்ன நடக்கிறது பாருங்கள்: உடலின் பாரம் வில்களின் வழியாகவே அச்சுக்கும் ஸ்டாண்டுகளுக்கும் செல்கிறது. சக்கரங்கள் தரையில் நிற்பதற்கும் இதற்கும் வில்லைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லை. ஆனால் காருக்கு அடியில் நாம் வேலை செய்யப் போதிய இடம் இருக்கிறது.

பின் இருக்கையில், வழக்கமாக ஏறும் பாரத்துக்கு ஈடாக இரண்டு அரிசி மூட்டைகளை ஏற்றினேன். அடியில் எவரும் இல்லாதபோது வண்டியின் பின்புறத்தை இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்தி விட்டேன். மூட்டுகள் தங்கள் இயல்பான இடத்தில் அமர்ந்தன. அதன் பிறகே, கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். தானே பூட்டிக்கொள்ளும் நட்டுகளைப் புதிதாகவே போட்டேன். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒரு முறை சரிபார்த்தேன்.

இப்போது கடைகளில் பாலியூரித்தேன் புஷ்களும் கிடைக்கின்றன. பலவற்றில் உள்குழாய் ஒட்டப்படாமல் வழுக்கிச் சுழலும். அவற்றுக்குச் சுழிப்புள்ளி இல்லை. ஆகவே இந்தப் பிழையும் இல்லை. ஆனால் அவை ரப்பரைவிடக் கடினமானவை. சாலையின் அதிர்வை அதிகமாக உள்ளே விடும். அவற்றுக்குரிய கிரீஸும் இட வேண்டும். வீட்டுக் காருக்கு ரப்பரே போதும் என்பது என் கருத்து.

நீங்களே செய்து பாருங்கள்

கார் இல்லாதவர்களும் இதைக் காணலாம். உங்கள் சோதனைச் சாலையிலுள்ள பெரிய ரப்பர் அடைப்பான் ஒன்றை, நடுவே துளையுள்ளதாக எடுத்துக்கொள்ளுங்கள். துளையில் இறுக்கமாகப் பொருந்தும் போல்ட் ஒன்றைச் செருகி, இருபுறமும் வாஷர் வைக்காமல், பசையால் ஒட்டி உலரவிடுங்கள். அடைப்பானின் வெளிப்புறத்தை வைஸில் பிடியுங்கள். மேற்பரப்பில் துளையிலிருந்து விளிம்பு வரை பேனாவால் நேராக ஓர் ஆரம் வரையுங்கள். இப்போது போல்ட்டை ஸ்பேனரால் மெல்லத் திருப்புங்கள். நேர்கோடு வளையும்; விளிம்பருகே கொஞ்சமாகவும் போல்ட்டருகே மிக அதிகமாகவும் சாயும். மேலே சொன்ன கணக்கு உங்கள் கண்ணெதிரே வரைபடமாக நிற்கும். விட்டுவிட்டால் கோடு பழையபடி நேராகும். கொஞ்சம் திருப்பிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு, அங்கிருந்து இன்னும் திருப்பிப் பாருங்கள். என் காரின் புஷ்கள் பட்ட பாடு புரியும்.

முறுக்கத்தைப் பற்றிய பாடத்தை நான் இப்போது நடத்தும்போது, கரும்பலகையில் சூத்திரம் எழுதுவதற்கு முன்னால், கிழிந்த அந்தப் புஷ்களில் ஒன்றை மேசைமேல் வைக்கிறேன். 'இது ஏன் உள்ளிருந்து கிழிந்தது?' என்று கேட்கிறேன். விடை சொல்ல வகுப்பு கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது. அதில் தவறில்லை. எனக்கு நான்கு மாதம் ஆயிற்றே!